பல கணினி, ஒரே நினைவகம்: டிஎஸ்எம் அமைப்பில் ஒத்திசைவும் வேகமும்

டிஸ்ட்ரிபியூட்டட் ஷேர்டு மெமரி, சுருக்கமாக டிஎஸ்எம், தனித்தனிக் கணினிகளின் நினைவகத்தை ஒரே நினைவகம்போல் காட்டுகிறது. ஒரு பாயின்டரைப் பிடித்துக்கொண்டு போனால் தரவு வந்துவிடும். செய்தி அனுப்பும் வரி ஒன்றைக்கூட நீங்கள் எழுத வேண்டியதில்லை. ஆனால் செய்திகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, உங்களுக்குப் பதிலாக ரன்டைம், அதாவது நிரலோடு ஓடும் டிஎஸ்எம் மென்பொருள், அனுப்புகிறது. நிரல் மந்தமாக ஓடினாலும் சரி, தப்பான விடை தந்தாலும் சரி, தேட வேண்டிய இடம் ஒன்றுதான்: எந்தப் பக்கம் (நினைவகத்தைப் பிரித்த சம அளவுத் துண்டு) எத்தனை முறை பயணித்தது, எந்த நேரத்தில் பயணித்திருக்க வேண்டும்?

இந்த வழிகாட்டி லினக்ஸ் ஓடும் இரண்டு முதல் நான்கு கணினிகளில், பக்க அளவில் இயங்கும் டிஎஸ்எம் ஒன்றை அமைத்துச் சீர்செய்வோருக்கானது. சி அல்லது சி++ தெரிந்தால் போதும்.

முதல் படி: தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

சொந்த நினைவகத்திலிருந்து ஒரு சொல்லைப் படிக்க ஏறக்குறைய 100 நேனோவிநாடி ஆகும். ஒரே ரேக்கில் இருக்கும் பக்கத்துக் கணினியிலிருந்து ஆர்டிஎம்ஏ (மற்ற கணினியின் நினைவகத்தை நெட்வொர்க் கார்டே நேரடியாகத் தொடும் முறை) வழியாகப் படித்தால் சுமார் 2 மைக்ரோவிநாடி. சாதாரண டிசிபி வழியாகப் போய்வர 30 முதல் 50 மைக்ரோவிநாடி. வளாகம் தாண்டினால் கணக்கே வேறு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோவிநாடி எடுக்கும். கென்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 12 கிலோமீட்டர். போய்வர 120 மைக்ரோவிநாடி ஒளிக்கு மட்டுமே வேண்டும், கேபிளோ நேர்கோட்டில் போவதில்லை. நம் தீவு சிறியதுதான், ஆனால் நினைவகத்துக்கு அது ஆயிரம் மடங்கு தூரம்.

இன்னொரு கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். 4,096 பைட் பக்கம் ஒன்று 10 ஜிபிபிஎஸ் இணைப்பில் ஏறி இறங்க 3.3 மைக்ரோவிநாடி, 100 ஜிபிபிஎஸ் இணைப்பில் 0.33. டிசிபி வழியாக ஒரு பக்கத்தை வாங்க மொத்தம் 50 மைக்ரோவிநாடி ஆகிறதென்றால், பத்து மடங்கு வேகமான நெட்வொர்க் கார்டு அதில் 3 மைக்ரோவிநாடியைத்தான் குறைக்கும். டிசிபியை மாற்றும்வரை மிச்சம் அப்படியே நிற்கும். பயணங்களை எண்ணிப் பார்க்காமல் புதிய கார்டுக்குப் பணம் கேட்க வேண்டாம்.

அளக்கும் முறை: 64 பைட், 4,096 பைட் என இரண்டு அளவில் செய்தியை ஒரு லட்சம் முறை அனுப்பித் திரும்பப் பெறுங்கள். சராசரியை நம்பாதீர்கள். நடு மதிப்பையும் 99-ஆவது சதமானத்தையும் குறித்து வையுங்கள். சிங்கப்பூரின் தேசிய சூப்பர்கம்ப்யூட்டர் ஆஸ்பயர் 2ஏ போல பிபிஎஸ் என்ற வேலைப் பங்கீட்டு மென்பொருள் வழியாக வேலை கொடுக்கும் இடங்களில் ஒரு பொறி உண்டு. இரண்டு துண்டு வளம் கேட்டால், அவை ஒரே கணினியிலேயே அமர்ந்துவிடலாம். அப்போது கிடைக்கும் அபாரமான எண் லூப்பேக்கின் (கணினி தனக்குத்தானே அனுப்புவதன்) எண், நெட்வொர்க்கின் எண் இல்லை. பிளேஸ் என்ற அமைப்பில் ஸ்கேட்டர் என்று கொடுங்கள், ஒவ்வொரு புரோசஸும் தன் கணினிப் பெயரை முதல் வரியில் அச்சிடட்டும்.

இரண்டாம் படி: எந்த வாக்கு வேண்டும் என்று முடிவுசெய்யுங்கள்

ஒரு கணினி எழுதியதை மற்றது எப்போது பார்க்க வேண்டும் என்பதுதான் ஒத்திசைவு; அதுபற்றி அமைப்பு தரும் உறுதிமொழியே வாக்கு. 1979-இல் லெஸ்லி லாம்போர்ட் வகுத்த சீக்வென்ஷியல் கன்சிஸ்டன்சி, அதாவது வரிசை ஒத்திசைவு, மிகக் கண்டிப்பான வாக்கு. எல்லாக் கணினிகளின் செயல்களும் ஏதோ ஒரே வரிசையில் நடந்ததுபோல் விடை அமைய வேண்டும். அந்த வரிசைக்குள் ஒவ்வொரு கணினியின் செயல்களும் அதன் நிரல் சொன்ன ஒழுங்கிலேயே இருக்க வேண்டும்.

சோதிக்க ஒரு சின்ன நிரல் போதும். அ, ஆ இரண்டும் பூஜ்யத்தில் தொடங்கட்டும். முதல் கணினி அ-வில் 1 எழுதி ஆ-வைப் படிக்கிறது. இரண்டாவது ஆ-வில் 1 எழுதி அ-வைப் படிக்கிறது. இருவருமே பூஜ்யத்தைப் படித்தால் வரிசை ஒத்திசைவு இல்லை. இதே நிரலை ஒரே எக்ஸ்86 கணினியில் இரண்டு திரெடாக ஓட்டினாலும் இரண்டு பூஜ்யம் வரலாம். எழுதியது ஸ்டோர் பஃபர் என்ற செயலியின் காத்திருப்பு இடத்தில் இருக்கும்போதே படிப்பு முந்திக்கொள்வதால் அப்படி ஆகிறது. ஏஆர்எம் சில்லுகள் இன்னும் தளர்வானவை, கம்பைலரும் வரிகளை மாற்றிப் போடும். ஆகவே டிஎஸ்எம் புரோட்டோகால் மட்டும் கண்டிப்பாக இருந்தால் போதாது. பகிரும் மாறிகளுக்கு அட்டாமிக் வகையும் வேண்டும்.

1990-இல் ஸ்டான்ஃபோர்டின் டேஷ் கணினிக்காக வந்த ரிலீஸ் கன்சிஸ்டன்சி தளர்வான வாக்கு. லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டை) விடும்போது உங்கள் எழுத்துகள் வெளியே போக வேண்டும், லாக்கைப் பிடிப்பவர் அவற்றைப் பார்க்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நிரல் முழுக்க லாக்கும் பேரியரும் (எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருக்கும் இடம்) ஒழுங்காகப் போட்டிருந்தால் இதையே எடுங்கள். எங்கேயாவது லாக் இல்லாமல் கொடியைப் பார்த்து ஓடும் பழைய நிரல் என்றால், முதலில் வரிசை ஒத்திசைவில் ஓட்டி, நிரலைத் திருத்திய பிறகு மாறுங்கள்.

மூன்றாம் படி: பக்கம் கைமாறும் முறையைச் சரியாக எழுதுங்கள்

1980-களில் யேல் பல்கலைக்கழகத்தில் காய் லீ உருவாக்கிய ஐவி அமைப்பின் முறைதான் இன்றும் அடித்தளம். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு கணினியிலும் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும்: இல்லை, படிக்கலாம், எழுதலாம். எழுதும் உரிமை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். யாரிடம் உரிமை, யாரிடமெல்லாம் நகல் என்பதை அந்தப் பக்கத்தின் மேலாளராக இருக்கும் கணினி குறித்து வைக்கும். பக்க எண்ணைக் கணினிகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் மீதியே மேலாளர் என்று வைத்தால் சுமை பரவும்.

எல்லாக் கணினியிலும் பகிரும் பகுதி ஒரே முகவரியில் தொடங்க வேண்டும், இல்லையென்றால் பாயின்டர்களுக்குப் பொருள் இருக்காது. நினைவகத்தை முகவரியில் பொருத்தும் எம்மேப்பை அழைக்கும்போது ஏற்கெனவே இருப்பதை அழிக்காமல் முகவரியை வற்புறுத்தும் கொடி லினக்ஸ் 4.17-இலிருந்து உண்டு. அதைப் போட்டு, தோற்றால் நிரலை அங்கேயே நிறுத்துங்கள்.

பக்கம் இல்லாத இடத்தைத் தொடும்போது (இதுதான் ஃபால்ட்) நிரலை இடைமறிக்க இரண்டு வழி. பழையது எம்ப்ரொடெக்ட் போட்டுப் பக்கத்தைப் பூட்டி, தொடும்போது வரும் சிக்செக்வி சிக்னலைப் பிடிப்பது. புதியது, லினக்ஸ் 4.3-இல் வந்த யூசர்ஃபால்ட்எஃப்டி; ஃபால்ட் விழுந்ததைக் கெர்னல் உங்கள் நிரலுக்கே சொல்லும். பழைய வழியில், வந்த பக்கத்தை உள்ளே நகலெடுக்க அதை எழுதக்கூடியதாகத் திறந்தாக வேண்டும். திறந்த அந்த நொடியில் இன்னொரு திரெட் உள்ளே வந்து பாதி நிரம்பிய பக்கத்தைப் படித்துவிடும். ஒரே நினைவகத்தை இரண்டு முகவரியில் மேப் செய்து, நிரலுக்கு ஒன்று, ரன்டைமுக்கு ஒன்று என்று வைத்தால் இது தீரும். யூசர்ஃபால்ட்எஃப்டியின் நகல் கட்டளை முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சில் வைப்பதால் அங்கே இந்தச் சிக்கலே இல்லை. எழுத்துத் தடுப்பு வசதி அதற்கு 5.7-இல்தான் வந்தது. கெர்னல் பழையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீட் போன்ற சிஸ்டம் கால் பலரின் தூக்கத்தைக் கெடுக்கும். தடுத்து வைத்த பக்கத்துக்குள் நேரடியாகக் கோப்பைப் படிக்கச் சொன்னால், எம்ப்ரொடெக்ட் வழியில் சிக்னலே வராது. அழைப்பு இஃபால்ட் என்ற பிழையோடு திரும்பும். யூசர்ஃபால்ட்எஃப்டியைச் சாதாரணப் பயனர் உரிமையில், பயனர் ஃபால்ட்டுக்கு மட்டும் என்று திறந்திருந்தாலும் அழைப்பு தோற்கும். பகிர்ந்து பயன்படுத்தும் கிளஸ்டர்களில் பெரும்பாலும் உங்களுக்கு அந்த உரிமைதான் இருக்கும். தனி பஃபரில் படித்துப் பிறகு நகலெடுங்கள்.

எழுத்து ஃபால்ட்டின் ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும்: கேட்பவர் மேலாளரிடம் சொல்கிறார். மேலாளர் உரிமையாளருக்குத் தள்ளுகிறார். உரிமையாளர் முதலில் தன் பக்கத்தை எழுத்துக்கு மூடுகிறார், பிறகு நகலெடுத்து அனுப்புகிறார். படிப்பு நகல் வைத்திருக்கும் எல்லோருக்கும் 'அழி' என்ற செய்தி போகிறது. அத்தனை பேரிடமிருந்தும் ஒப்புதல் வந்த பிறகே கேட்பவருக்கு எழுதும் உரிமை திறக்கிறது. இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். மூடுவதற்கு முன்பே நகலெடுத்தால், இடையில் உரிமையாளரின் திரெட் எழுதியது காணாமல் போகும். ஒப்புதலுக்குக் காத்திராமல் திறந்தால், ஒருவர் பழைய மதிப்பைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் புதியதை எழுதிவிடுவார். இரண்டாவது தவறு மெதுவான நெட்வொர்க்கில்தான் வெளிப்படும். அதனால் சோதனையில் தப்பிவிட்டு, வேலை ஓடும்போது பிடிபடும்.

நான்காம் படி: பொய்ப் பகிர்வைக் கண்டுபிடியுங்கள்

தேக்காவில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கடை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கேம்பல் லேனில், மற்றது சிராங்கூன் சாலையைத் தாண்டி பஃபலோ ரோட்டில். கடன் நோட்டு ஒன்றே ஒன்று. மேல் பாதியில் அண்ணனின் வாடிக்கையாளர்கள், கீழ்ப் பாதியில் தம்பியுடையவர்கள். ஒருவர் கணக்கை மற்றவர் பார்ப்பதே இல்லை. ஆனாலும் யார் எழுத வேண்டுமென்றாலும் ஒரு பையன் நோட்டைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்க வேண்டும். வேலை நேரத்தில் பெரும்பகுதி சிக்னலில் பச்சை விழக் காத்திருப்பதிலேயே போகும்.

டிஎஸ்எம்-இல் இது அப்படியே நடக்கும், இதற்குப் பெயர்தான் பொய்ப் பகிர்வு. இரண்டு கணினிகள், ஆளுக்கொரு 8 பைட் எண்ணி (கவுன்டர்), இரண்டும் அடுத்தடுத்து ஒரே பக்கத்தில். ஆளுக்குப் பத்து லட்சம் முறை ஒன்றைக் கூட்டுகிறார்கள். ஒவ்வொரு கூட்டலுக்கும் பக்கம் கைமாறும் மோசமான நிலையில் 20 லட்சம் பயணம். பயணத்துக்கு 50 மைக்ரோவிநாடி என்றால் 100 விநாடி. எண்ணிகளை வேறு வேறு பக்கத்தில் வைத்தால் அதே வேலை சில மில்லிவிநாடியில் முடியும்.

இன்னும் மோசமாக, பக்கம் வந்து சேர்ந்து, ஃபால்ட்டில் நின்ற கட்டளை மறுபடி ஓடுவதற்குள்ளேயே அடுத்தவர் பிடுங்கிக்கொண்டால், இருவருமே முன்னேறாமல் நிற்பார்கள். வந்த பக்கத்தைக் குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் விடமாட்டேன் என்று ஓர் எல்லை வைப்பது இதற்கு மருந்து. 1989-இல் மிராஜ் அமைப்பு செய்தது இதைத்தான். 1 மில்லிவிநாடி வைத்தால் அதற்குள் லட்சக்கணக்கில் கூட்டிவிடலாம். ஆனால் உண்மையிலேயே அந்த மதிப்பு அவசரமாக வேண்டியவரும் அந்த 1 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். இதைத் தற்காலிக மருந்தாகவே வைத்துக்கொண்டு, தரவின் இருப்பிடத்தை மாற்றுங்கள்.

கண்டுபிடிக்க, ரன்டைமுக்குள் பக்கத்துக்கு நான்கு எண்ணி போடுங்கள்: படிப்பு ஃபால்ட், எழுத்து ஃபால்ட், வந்த அழிப்புச் செய்திகள், அனுப்பிய பைட்டுகள். நிரல் முடிந்ததும் முதல் பத்துப் பக்கங்களை அச்சிடுங்கள். அநேகமாக அந்தப் பத்துக்குள்ளேயே உங்கள் பிரச்சினை இருக்கும்.

மேட்ரிக்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1,000 வரிசை, வரிசைக்கு 1,000 டபுள், அதாவது 8,000 பைட். நான்கு கணினிக்கு 250 வரிசையாகப் பிரித்தால் ஒரு பங்கு 20 லட்சம் பைட். அதை 4,096-ஆல் வகுத்தால் 488.28. ஒவ்வொரு எல்லையிலும் ஒரு பக்கம் இருவருக்குச் சொந்தமாகிறது, அந்தப் பக்கம் ஓயாமல் அலையும். வரிசையை 1,024 டபுளாக நீட்டினால் சரியாக இரண்டு பக்கம் வரும். ஆனால் நெடுக்காக நடக்கும்போது கேஷில் எல்லா வரிசையும் ஒரே இடத்துக்கு முட்டி மோதும். அதைவிட, ஒவ்வொரு பங்கையும் 489 பக்கமாக வைத்துக் கடைசியில் மட்டும் கொஞ்சம் இடம் விடுவது நல்லது.

பக்க அளவு 4,096 என்று நிரலில் எழுதி வைக்காதீர்கள். சில ஏஆர்எம் சர்வர்களின் கெர்னலில் அது 64 கிலோபைட். சிஸ்கான்ஃப் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ரன்டைம் 2 மெகாபைட் பெரும்பக்கங்களை ஓர் அலகாகக் கைமாற்றினால், 512 சாதாரணப் பக்கங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டு பொய்ப் பகிர்வும் அந்த அளவுக்கு வீங்கும்.

ஐந்தாம் படி: இரட்டைப் பக்கமும் வித்தியாசமும்

இருப்பிடத்தை மாற்ற முடியாத தரவுக்கு ரைஸ் பல்கலைக்கழகத்தின் மியூனின், ட்ரெட்மார்க்ஸ் அமைப்புகள் காட்டிய வழி கைகொடுக்கும். அண்ணனும் தம்பியும் காலையில் நோட்டை ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டு, மாலையில் மாறிய வரிகளை மட்டும் சேர்ப்பதுபோல.

லாக்குக்குள் ஒரு பக்கத்தில் முதல்முறை எழுதும்போது ஃபால்ட் விழும். அப்போது பக்கத்தை அப்படியே ஒரு பிரதி எடுத்துப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். பிரதிக்கு ட்வின் என்று பெயர். லாக்கை விடும் நேரத்தில் பக்கத்தையும் ட்வினையும் 8 பைட் சொல்லாக 512 முறை ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் 'எந்த இடம், எவ்வளவு நீளம், என்ன மதிப்பு' என்று கட்டுங்கள். இதுதான் டிஃப். ஐந்து சொல் மாறியிருந்தால் 4,096 பைட்டுக்குப் பதில் சில பத்து பைட்டுகள் போகும். ஒரே பக்கத்தில் இருவர் ஒரே சமயம் எழுதலாம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

எங்கே உடையும்? இரண்டு ஒற்றை பைட் மாறிகள் ஒரே 8 பைட் சொல்லுக்குள் இருந்து, ஒன்றை இவரும் மற்றொன்றை அவரும் எழுதினால், டிஃப் முழுச் சொல்லையும் தூக்கிப் போகும். பின்னால் வருபவர் முன்னவரின் பைட்டைப் பழைய மதிப்பால் மூடிவிடுவார். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒப்பீட்டைப் பைட் அளவில் செய்யுங்கள், அல்லது பகிரும் மாறி ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் கொடுங்கள். இன்னொன்று: பக்கத்தில் பாதிக்கு மேல் மாறிவிட்டதே, முழுப் பக்கத்தையும் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அந்தப் பக்கத்தில் வேறு யாரும் எழுதவில்லை என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் எழுதியதெல்லாம் அழியும்.

டிஃபை யாருக்கு அனுப்புவது? மியூனின் லாக்கை விடும்போதே நகல் வைத்திருக்கும் எல்லோருக்கும் அனுப்பியது. ட்ரெட்மார்க்ஸ் சோம்பேறி முறையைக் கையாண்டது. அடுத்து லாக்கைப் பிடிப்பவருக்கு 'இன்னின்ன பக்கம் மாறியிருக்கிறது' என்ற குறிப்பு மட்டும் லாக்கோடு போகும். அவர் அந்தப் பக்கத்தைத் தொட்டால்தான் டிஃப் போகும். செய்திகள் வெகுவாகக் குறையும், ஆனால் யாரும் கேட்காத டிஃப்கள் நினைவகத்தில் குவியும், அவ்வப்போது அவற்றை அழித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வீட்டுக் கணினி வைத்து, டிஃபை அங்கே சேர்த்துவிட்டு உடனே தூக்கிப் போடுவது மூன்றாவது முறை. புதிதாக எழுதுவோருக்கு இந்த மூன்றாவதே ஏற்றது. பக்கத்தை அதிகம் எழுதும் கணினியையே அதன் வீடாக்கினால் பல டிஃப்களுக்குத் தேவையே இருக்காது.

ஆறாம் படி: தளர்த்திய பிறகு உடைபவற்றைத் தேடுங்கள்

'தயார்' என்ற கொடி மாறும்வரை சுற்றிக்கொண்டிருக்கும் லூப் முதலில் மாட்டும். லாக்கைப் பிடிக்காதவருக்கு மாற்றக் குறிப்பு வராது. அவருடைய பழைய நகல் செல்லுபடியாகும் நிலையிலேயே இருக்கும், லூப் என்றென்றைக்கும் சுற்றும். கொடியை டிஎஸ்எம் தரும் லாக் அல்லது சிக்னலாக மாற்றுங்கள்.

பித்ரெட் மியூட்டெக்ஸ் அந்தந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். அதைவிட ஆபத்தானது, மதிப்பை ஒப்பிட்டு ஒரே செயலில் மாற்றும் கம்பேர்-அண்ட்-ஸ்வாப். தனி உரிமையில் எழுதும் ஐவி முறையில் அது மெதுவாக ஓடினாலும் சரியாக ஓடும். ட்வின் முறையில் இரண்டு கணினியும் தத்தம் நகலில் அதைச் செய்து, இரண்டுமே வென்றதாக நினைத்துக்கொள்ளும். லாக் இல்லாத கியூக்களையும் எண்ணிகளையும் நிரலில் ஒவ்வொன்றாகத் தேடி மாற்றாமல் இந்த முறைக்குப் போகவே கூடாது.

வேகத்தைப் பொறுத்தவரை லாக்குகள் பெரிதாக இருக்கட்டும். ஒவ்வொரு பிடிப்பும் குறைந்தது ஒரு நெட்வொர்க் சுற்று. 50 மைக்ரோவிநாடி கொடுத்து லாக்கைப் பிடித்து 1 மைக்ரோவிநாடி வேலை செய்வது கட்டுப்படியாகாது. ஆயிரம் சின்ன மாற்றங்களை உள்ளூரில் சேர்த்து ஒரே லாக்கில் ஊற்றுங்கள். கூட்டுத்தொகை போன்றவற்றைக் கணினிக்கு ஒன்றாக வைத்து பேரியரில் சேருங்கள். நான்கு கணினிக்கு ஒரு பேரியர் என்பது ஆறு செய்திதான்.

ஏழாம் படி: மெதுவாக்கிச் சோதியுங்கள்

சுத்தமான நெட்வொர்க்கில் ஒத்திசைவுப் பிழைகள் ஒளிந்துகொள்ளும். டிசி கட்டளையின் நெட்எம் வசதியால் ஒவ்வொரு கணினியிலும் 60 மைக்ரோவிநாடி தாமதம் கூட்டினால், மேலே சொன்ன இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தூரம் உங்கள் மேசையிலேயே வந்துவிடும். அதோடு சீரற்ற ஏற்ற இறக்கமும் சேருங்கள். அ, ஆ சோதனையைப் பத்து லட்சம் முறை ஓட்டி, நான்கு விடைகளும் எத்தனை தடவை வந்தன என்று எண்ணுங்கள். ரன்டைமுக்குள்ளும் ஒப்புதல் செய்திகளை வேண்டுமென்றே 1 மில்லிவிநாடி தாமதிக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கட்டும். மூன்றாம் படியில் சொன்ன அவசரத் திறப்பு உடனே அகப்படும்.

ஆர்டிஎம்ஏவுக்கு மாறும்போது இந்தச் சோதனைகளை முதலிலிருந்து ஓட்டுங்கள். கார்டு நினைவகத்தில் எழுதும்போது எம்ப்ரொடெக்ட் போட்ட பூட்டைப் பார்க்காது. அனுப்பியவருக்கு 'முடிந்தது' என்று வந்தாலும், அடுத்த முனையின் நிரல் அதைப் பார்த்துவிட்டது என்று பொருளில்லை. பக்கத்தை எழுதிய பிறகு அதே இணைப்பில் ஒரு சென்ட் செய்தி அனுப்பி, அது வந்து சேர்ந்த பிறகே பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கடைசி பைட் மாறியதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வித்தை பல கார்டுகளில் ஓடும், ஆனால் அதற்கு விதிமுறையில் உத்தரவாதம் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் அதே பத்துப் பக்கங்கள் பட்டியலின் தலையில் நிற்கின்றனவா? அந்தப் பக்கங்களில் உள்ள தரவை மட்டும் டிஎஸ்எம்-இலிருந்து வெளியே எடுத்து எம்பிஐ (கணினிகளுக்கிடையே செய்தி அனுப்புவதற்கான தரநிலை) செய்தியாக அனுப்புங்கள். மீதித் தரவு பகிர்ந்த நினைவகத்திலேயே இருக்கட்டும். ஒரே நிரலில் இரண்டும் ஓடலாம். எடுத்த மாறிகளை இன்னும் யாராவது பழைய பாயின்டர் வழியாகத் தொடுகிறார்களா என்று பார்க்க, அந்தப் பழைய பக்கங்களை எல்லாக் கணினியிலும் முழுவதுமாகப் பூட்டி வைத்து ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.